லிகெட்டியின் தனி வயோலா சொனாட்டா: 'ஹோரா லுங்கா'வின் அம்புக்குறி சுரங்கள்

கேள்வி:
இசையமைப்பாளர் லிகெட்டியின் தனி வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) சொனாட்டாவில் (1991–94) முதல் பகுதி 'ஹோரா லுங்கா' முழுக்க மிகத் தாழ்ந்த சி தந்தியிலேயே வாசிக்க வேண்டியது. கீழ்நோக்கிய அம்புக்குறிகள் மூன்று வகை: 14, 31, 49 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) இறக்கம். டியூனரில் (சுருதி அளக்கும் கருவி) சரியாகக் காட்டுகிறது, காதுக்கு வெறும் அபசுரமாகவே படுகிறது. எப்படிப் பழகுவது?

பதில் 1:
டியூனரை மூடி வைத்துவிட்டு, அடியில் எஃப் சுருதியை ஒலிக்க விடுங்கள். இந்தச் சுரங்கள் எஃப்-இன் மேல்தொனிகள் (ஒரு சுரத்தோடு இயல்பாகவே சேர்ந்து ஒலிக்கும் உயர் சுரங்கள்): ஏ 5ஆவது, ஈ ஃபிளாட் 7ஆவது, பி 11ஆவது. திறந்த சி தந்தியே அதன் 3ஆவது. வயோலாவில் எஃப் தந்தி கிடையாது, அதனால்தான் காதுக்குப் பிடிமானம் இல்லை. பயிற்சிக்கு மட்டும் ஜி தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கி எஃப் ஆக்கிப் பாருங்கள். நட்டிலிருந்து (விரல்பலகையின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் கட்டை) ஐந்தில் ஒரு பங்கில் லேசாகத் தொட்டால் அந்த ஏ, ஏழில் ஒரு பங்கில் அந்த ஈ ஃபிளாட். கேட்டதைக் கீழ் ஸ்தாயியில் பாடுங்கள், பிறகு சி தந்தியில் பிடியுங்கள். பாட வராத சுரம் விரலுக்கும் வராது.

பதில் 2:
மேலே சொன்னதோடு விரல் கணக்கும் தெரிந்திருக்கட்டும். தந்தியின் அதிர்நீளம் 37 செ.மீ. என்றால், நட்டருகே ஈ ஃபிளாட்டை 31 சென்ட் இறக்க விரல் ஏறக்குறைய 5.5 மி.மீ. பின்னுக்கு வரவேண்டும். பி-யை 49 சென்ட் இறக்கவும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், ஏனென்றால் மேலே போகப் போக இடைவெளி சுருங்குகிறது. ஏ-க்கு 2 மி.மீ. கூட வேண்டாம். ஒரு ஸ்தாயி மேலே எல்லாம் பாதி. பலர் வழுக்குவது இங்கேதான்: கீழே பழகிய தூரத்தை மேலேயும் அப்படியே வைத்து, சுரத்தை அளவுக்கு மீறி இறக்கிவிடுகிறார்கள். வைப்ரேட்டோவை (விரலை அசைத்துச் சுரத்தை அலைய விடுவது) அறவே விட்டுவிடுங்கள்.

பதில் 3:
அறவே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. அகல வைப்ரேட்டோ 14 சென்ட் வித்தியாசத்தை விழுங்கிவிடும், உண்மை. ஆனால் இது ருமேனிய நாட்டுப்புற நீள்பாடலின் சாயல். குரல் போல உயிரோடு இருக்க வேண்டும். அம்புக்குறி உள்ள சுரத்தை அசைக்காமல் நிறுத்துங்கள், அம்பில்லாத நீள்சுரத்தின் இறுதியில் மெல்லிதாக அசையுங்கள். அப்போது இறங்கிய சுரம் வேண்டுமென்றே வந்தது என்று கேட்பவருக்குப் புரியும்.

வில்லும் முக்கியம். தடித்த சி தந்தி மேல்நிலைகளில் தாமதமாகத்தான் பேசும். பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்கம் நெருங்கி, வேகம் குறைத்து, கையின் எடையைக் கொடுங்கள். அழுத்தினால் கரகரப்புதான் மிஞ்சும், சுரமும் நகரும். கடைசியில் வரும் இயல்பான ஹார்மோனிக்குகளுக்கு (தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மேல்தொனிகள்) நேர்மாறு: எடையை எடுத்துவிட்டு வில்லின் வேகத்தைக் கூட்டுங்கள், ஆனால் பிரிட்ஜை விட்டு விலகாதீர்கள்.