உமியும் பழைய கானும் சேர்த்த வாங்குப் பலகை: ஓட்டையும் வளைவும் ஏன்?

உப்புவெளி_பட்டறை:
வணக்கம். கடற்கரையோரம் போட வாங்குப் பலகை ஊற்றிப் பார்க்கிறோம். கந்தளாய் மில் உமி ஒரு தரம் அரைத்தது பாதி, எண்ணெய்க் கானும் போத்தல் மூடியும் நறுக்கியது பாதி. ஒற்றைத் திருகு எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கித் திருகால் வாய்வழியே தள்ளும் மெஷின்), சூடு 205 பாகை. அச்சு 120 x 10 x 3 செ.மீ. பலகையில் கருகல் மணம். அறுத்தால் நடுவில் பயறளவு ஓட்டைகள். ஆறினதும் 2 செ.மீ. வளைகிறது. உமியைக் குறைப்பதா, சூட்டைக் குறைப்பதா? கிழிந்த மீன் வலையும் நிறையக் கிடக்கிறது, சேர்க்கலாமா?

தும்பும்_உமியும்:
தம்பி, இரண்டையும் குறையுங்கோ. ஆனால் ஓட்டைக்குக் காரணம் உமிக்குள் நிற்கும் தண்ணி. காய்ந்தது போலத் தெரியும் உமியிலும் 10 வீதம் ஈரம் இருக்கும். ஒரு கிலோவில் 100 கிராம் தண்ணி; அது ஆவியானால் 160 லீற்றருக்கு மேல். எக்ஸ்ட்ரூடருக்குள் அது எங்கே போகும்? பலகைக்குள்தான் அடைபடும்.

உமியை மாவாக அரைத்து, அரை மி.மீ. சல்லடையில் சலித்து, 105 பாகையில் மெல்லிசாகப் பரப்பி 4 மணித்தியாலம் வையுங்கோ. பிறகு 100 கிராம் நிறுத்து, இன்னும் ஒரு மணித்தியாலம் வைத்துத் திரும்ப நிறுங்கோ. அரைக் கிராமுக்கு மேல் குறைந்தால் இன்னும் காயவில்லை. தராசு இல்லாவிட்டால் சூட்டோடு ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடுங்கோ; உள்ளே புகார் படிந்தால் திரும்ப அடுப்புக்குத்தான். காய்ந்ததை உடனே இறுக்கிக் கட்ட வேணும். கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலிலேயே பாதி வேலை முடியும். மாரியில் ஒரு இரவு திறந்து கிடந்தாலே பழையபடி ஈரம் ஏறிவிடும்.

சூடு: கான் பிளாஸ்டிக் 130 பாகையளவில் உருகும், உமி 200ஐத் தாண்டினால் கருகும். வாய்ப்பக்கம் 175க்கு மேல் போகவிடாதேங்கோ.

10 கிலோ கலவைக்கு: பிளாஸ்டிக் 6 கிலோ, உமி 3.7 கிலோ, மலேயிக் அன்ஹைட்ரைட் ஏற்றிய பொலித்தீன் 300 கிராம். இந்தக் கடைசிச் சாமான்தான் உமியையும் பிளாஸ்டிக்கையும் பிடித்து வைக்கும். கிடைக்காவிட்டால் உமியை 3 கிலோவுக்கு மேல் போடவேண்டாம். உமியில் சிலிக்கா அதிகம், திருகு கெதியாய்த் தேயும்.

கொட்டியாரக்குடா:
வலையைப் பற்றி. நைலோன் 220 பாகையில்தான் உருகும், அதற்குள் உமி கரியாகிவிடும். ஒரு முடிச்சை வெட்டி, இரண்டு துளி சோப் விட்ட நல்ல தண்ணிக்குள் அமுக்கி விடுங்கோ. தாழ்ந்தால் நைலோன், விலக்குங்கோ. மிதந்தால் பொலித்தீன் அல்லது பி.பி. (பொலிப்புரொப்பிலீன்). ஈயக் குண்டை எல்லாம் கழற்றி, உப்புப் போக நல்ல தண்ணியில் அலசிக் காயவையுங்கோ.

அதே வாளியில் பெட் போத்தலும் (தண்ணி, சோடா வரும் போத்தல்) பி.வி.சி.யும் தாழும். பி.வி.சி. துண்டு ஒன்று போனாலும் சூட்டில் அமிலப் புகை வரும், நெஞ்சுக்கும் இரும்புக்கும் கேடு. மூடிகளில் முக்கோணக் குறிக்குள் 2ஆம் இலக்கம் போட்டதும் (கானில் உள்ள பொலித்தீன்) 5ஆம் இலக்கம் போட்டதும் (பி.பி.) கலந்து கிடக்கும். இரண்டும் மிதக்கும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாது. 5ஐப் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கோ.

உப்புவெளி_பட்டறை:
நன்றி அண்ணை. வளைவுக்கு என்ன வழி? இப்ப அச்சை அரைவாசி தண்ணியில் வைத்து ஆற்றுகிறோம்.

தும்பும்_உமியும்:
அதுதான் பிழை. பிந்தி ஆறும் பக்கம் பிந்திச் சுருங்கி, பலகையைத் தன் பக்கம் இழுக்கும். முழுவதாகத் தண்ணியில் தாழ்த்துங்கோ, அல்லது நிமிர்த்தி வைத்து இரண்டு பக்கமும் காற்றுப்பட விடுங்கோ. 60 பாகைக்குக் கீழே வரும்வரை கிளாம்பைக் கழற்றக் கூடாது.

பூட்டும்போது 40 செ.மீ.க்கு ஒரு தாங்கி வையுங்கோ. பாரம் நின்றால் இந்தப் பலகை மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்யும், ஆகவே கூரை வளைமரத்துக்கும் தூணுக்கும் வேண்டவே வேண்டாம். குசினிச் சுவருக்கும் ஆகாது, நெருப்புப் பிடித்தால் உருகிச் சொட்டும். வெயிலில் நீளும், பலகைகளின் நுனிக்கிடையில் 5 மி.மீ. விடுங்கோ. 5 மி.மீ. ஆணிக்கு 8 மி.மீ. துளை, மேலே வாஷர், இரண்டும் 316 என்ற தரத் துருப்பிடியா உருக்கில். வெயில் தாங்க 10 கிலோவுக்கு 200 கிராம் கார்பன் கறுப்பு.

கொட்டியாரக்குடா:
இன்னொன்று. கடற்கரையில் வைத்து அறுக்காதேங்கோ, தூள் நேரே கடலுக்குத்தான் போகும். பட்டறையில் விரிப்புப் போட்டு அறுத்து, தூளைக் கூட்டி அடுத்த கலவையில் போடுங்கோ. அறுத்த நுனியில் உமி வெளியே தெரியும், தண்ணி குடிக்கும். பழைய இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அந்த நுனியில் அழுத்தித் தேயுங்கோ, பிளாஸ்டிக் உருகி மூடிவிடும்.