முதல் காராகப் பழைய ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ வாங்கலாமா?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். உரிமம் எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்றாலும், அப்பாவின் வேகன் ஆரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டியதோடு சரி. என் பெயரில் இதுவரை கார் இருந்ததில்லை.

கையில் 11 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன், கடன் வாங்கும் எண்ணமில்லை. 2016ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ (1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்டது) ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. கோவைப் பதிவு, இரண்டாவது உரிமையாளர், மீட்டரில் 68,000 கிலோமீட்டர், கேட்கும் விலை 9.25 லட்சம். ஒரு முறை அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து வேறு எந்த வண்டியின் மீதும் மனம் செல்லவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்பாவோ, இந்தப் பணத்துக்குப் புதிய பலேனோவே வந்துவிடுமே, ஒன்பது வயதான வண்டியை ஏன் தலையில் கட்டிக்கொள்கிறாய் என்கிறார். இந்த வண்டியின் டிஎஸ்ஜி என்னும் இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர்பாக்ஸ் பற்றிக் கேள்விப்படுவதெல்லாம் அச்சமூட்டுவதாக இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானதா? வாங்குவதற்கு முன் எதையெதைப் பார்க்க வேண்டும்?

பழைய பெட்ரோல்:

தம்பி, நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வகை வண்டிகளையே ஓட்டி வருகிறேன், எனவே என் சொல்லில் சற்றுப் பாசம் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸிலிருந்தே தொடங்குகிறேன். 1.8 டிஎஸ்ஐயில் உள்ள ஏழு கியர் டிஎஸ்ஜி, டிக்யூ200 எனப்படும் உலர் கிளட்ச் வகையைச் சேர்ந்தது. அதன் இரண்டு கிளட்சுகளும் எண்ணெயில் மூழ்கியிருப்பதில்லை என்பதால், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது உண்டாகும் சூடு அவ்வளவு எளிதில் தணியாது. அது தாங்கும் திருப்பு விசை (டார்க்) சுமார் 250 நியூட்டன் மீட்டர்தான். இதே 180 குதிரைத்திறன் எஞ்சின் ஐரோப்பாவில் நான்கு சக்கர இயக்கத்தோடும் ஆறு கியர் ஈரக் கிளட்சோடும் வந்தபோது 280 நியூட்டன் மீட்டர் தந்தது. நமக்கு வந்த வண்டியில் 250 என்று நிறுத்தப்பட்டதற்கு இந்தக் கியர்பாக்ஸின் வரம்பே காரணம். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வண்டி எப்போதாவது ரீமேப் செய்யப்பட்டதா என்பதுதான். மென்பொருளை மாற்றிக் கூடுதல் விசையை எடுத்துவிட்டு, விற்கும்போது பழைய நிலைக்குத் திருப்பிவைப்பவர்கள் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டி மாற்றப்பட்டிருந்தாலோ, டர்போவை ஒட்டிய கிளிப்புகளில் கழற்றி மாட்டிய தடம் தெரிந்தாலோ, மேற்கொண்டு பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது வேகம் போக வேண்டாம். எல்லோரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். இந்த எஞ்சின் மூன்றாவது கியரில் இழுக்கும் சுகத்தில் மற்றக் குறைகள் கண்ணில் படாமல் போகின்றன. காந்திபுரம் சிக்னல்களுக்கு இடையில் அரை மணி நேரம் ஊர்ந்து செல்லுங்கள். ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது நடுக்கம் தெரிகிறதா, ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றினால் வண்டி ஒரு கணம் யோசிக்கிறதா, மேட்டில் பின்னோக்கி ஏற்றும்போது கருகல் வாடை வருகிறதா என்று பாருங்கள். மெக்கட்ரானிக்ஸ் என்னும் கட்டுப்பாட்டுப் பகுதி போய்விட்டால் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடும் என்பதால், 11 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் குறைந்தது ஒன்றரை லட்சத்தைத் தனியே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் முதலில் இயக்க வேண்டும். காலை ஆறரை மணிக்கு வருவதாக விற்பவரிடம் சொல்லுங்கள். போனவுடன் பேச்சுக் கொடுக்காமல் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் உறை இந்த எஞ்சினில் கசிவது உலகம் முழுவதும் அறியப்பட்ட விஷயம் என்பதால், அதன் கீழே கூலன்ட்டின் இளஞ்சிவப்புக் கறை காய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் விட முக்கியம், வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் விசிடிஎஸ் அல்லது அதற்கு இணையான ஸ்கேனர் வைத்திருக்கும் தனி மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது. அவருக்குக் கொடுக்கும் இரண்டு மூன்றாயிரம் ரூபாயைச் செலவாக நினைக்காதீர்கள்.

மேட்டுப்பாளையத்தான்:

பழைய பெட்ரோல் அண்ணா சொன்னவை அனைத்தும் சரியே, ஆனால் அவை வண்டியைப் பற்றியவை. ஓட்டுபவரைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் ஆண்டில் எல்லோரும் வண்டியை எங்காவது உரசுவோம். வேகன் ஆருக்குப் பழகிய கைக்கு நாலரை மீட்டருக்கும் மேல் நீளமுள்ள செடானின் பின்பக்கம் எங்கே முடிகிறது என்று தெரியவே சில மாதங்கள் ஆகும். நானாக இருந்தால் இன்னும் ஓராண்டு சேமித்து, 2022இல் அறிமுகமான ஃபோக்ஸ்வாகன் வர்ட்டஸ் 1.5 வண்டியைப் பழையதாக வாங்குவேன். அதே 250 நியூட்டன் மீட்டர், வயதும் குறைவு, தேடினால் டிஎஸ்ஜி பயமே இல்லாத மேனுவலும் கிடைக்கும். வேகம் பார்க்கும் ஆசையைச் செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் தீர்த்துக்கொள்ளுங்கள், அவிநாசி சாலையில் வேண்டாம்.

ஆவணப்பெட்டி:

வண்டியைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள் என்பதே என் கருத்து. ‘இரண்டாவது உரிமையாளர்’ என்கிறீர்கள், ஆர்.சி.யில் உண்மையிலேயே அவர் பெயர் இருக்கிறதா, அல்லது முதல் உரிமையாளரின் கையெழுத்திட்ட படிவங்களை வைத்துக்கொண்டு அவர் விற்கிறாரா என்பதை எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணை இட்டுச் சரிபார்க்கவும். வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29உம் 30உம் தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது காப்பீட்டில்தான். பாலிசியை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், விபத்தில் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. முந்தையவரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும் என்பதால், அவர் கட்டிய பிரீமியத்தைப் பார்த்து உங்கள் செலவைக் கணக்கிடாதீர்கள். இந்த வயது வண்டிக்கு, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் காப்பீடு எளிதில் கிடைக்காது. மேட்டுப்பாளையத்தான் சொன்ன உரசல்களுக்கு உங்கள் கைக்காசுதான் போகும்.

நொய்யல்கரை:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நேற்று காலை மெக்கானிக்குடன் சென்று வந்தேன், நடந்ததை எழுதுகிறேன்.

ஆறரைக்கே போய்ச் சேர்ந்தோம். பானெட் குளிர்ச்சியாகவே இருந்தது. எஞ்சினும் ஒரு சத்தமில்லாமல் இயங்கியது. ஆர்.சி.யில் விற்பவரின் பெயரே இருக்கிறது, கடனும் இல்லை. ஏறக்குறைய மனத்தளவில் நான் வண்டியை வாங்கிவிட்டேன். ஆனால் மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் பிரேக் மிதியின் ரப்பரைக் காட்டினார்: வலது ஓரம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. ஸ்டீயரிங்கின் தோலும் பத்து மணி நிலையில் பளபளத்தது. 68,000 ஓடிய வண்டிக்கு இது அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கேனரை மாட்டினார்.

பழைய பிழைக் குறியீடு ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. பிழை ஏற்பட்டபோது வண்டி ஓடியிருந்த தூரமும் அதனுடன் பதிவாகியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அதில் இருந்தது 91,406 கிலோமீட்டர். டேஷ்போர்டில் இருந்ததோ 68,112. நான் அந்தத் திரையை விற்பவரிடம் நீட்டினேன். தாமும் இப்படித்தான் வாங்கியதாக அவர் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். என்னால் அவர் முகத்தைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய இயலவில்லை. எட்டு லட்சத்துக்குத் தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டு வந்தேன். அப்பா எதுவும் கேட்கவில்லை, டிபன் மட்டும் எடுத்துவைத்தார்.

ஆசை போகவில்லை. பெங்களூரில் 2017ஆம் ஆண்டு வண்டி ஒன்று, ஒரே உரிமையாளர், முழு சர்வீஸ் பதிவுகளுடன், 8.75 லட்சத்துக்கு வந்திருக்கிறது. பார்க்கலாமா?

பழைய பெட்ரோல்:

நல்ல வேலை செய்தீர்கள். 91,000 ஓடிய ஆக்டேவியா மோசமான வண்டி அன்று. 91,000 என்று சொல்லியே விற்றிருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். மீட்டரைத் திருத்தியவர் வேறு எதையெல்லாம் திருத்தினார் என்பது தெரியாததுதான் சிக்கல்.

பெங்களூர் வண்டியைப் பாருங்கள், ஆனால் விலையை அப்படியே ஒப்பிடாதீர்கள். அங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியை மீண்டும் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்றாலும், அதற்கு அலைய வேண்டியிருக்கும். வரி எவ்வளவு என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தொகையை 8.75உடன் கூட்டிய பிறகு பேரத்துக்கு உட்காருங்கள். டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2317 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானவை, நான்கையும் மாற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேட்கலாம். போகும் நாளைச் சொல்லுங்கள், அங்கே ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லிவைக்கிறேன்.