முந்தைய நாள் இரவில் எங்கே இருந்தோம்?

பெரிய நாள் என்று ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய வாரங்களை வீட்டுக்குள்ளேயே இருந்தும் வீட்டில் இல்லாமல் கழித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள்.

எனக்குக் கொடுத்திருந்தது 20 நிமிட உரை. பதினைந்து ஸ்லைடு போதும். நான் தயாரித்தது 58. மிச்சம் 43-க்கும் ஒரு தனி ஃபோல்டர், அதன் பெயர் ‘ஒருவேளை கேட்டால்’. மூன்று வாரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உரை முடிந்ததும் கேட்கப்பட்ட கேள்விகள் மூன்று. இரண்டுக்கு ஸ்லைடே தேவைப்படவில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். மூன்றாவதற்கு அந்த 43-இல் எதிலும் பதில் இல்லை. “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். கேட்டவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். நான் மூன்று வாரமாகப் பயந்த கணம் நான்கு நொடியில் முடிந்துபோனது.

வீட்டுக்கு வந்தால் ஆறு வயது மகள் தரையில் நோட்டை விரித்து வைத்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கரடி பொம்மை. அது அவளிடம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தாமலே உள்ளங்கையை மட்டும் உயர்த்தி, “ஒரே நிமிஷம்டா” என்றாள். அந்தக் கை என் கை. அப்படி நான் கையை உயர்த்துவேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். “ஒரு வாரமா இதுதான் விளையாட்டு. பேரு ‘அப்பா ஆபீஸ்’” என்றாள் மனைவி.

அப்புறம் உட்கார்ந்து நேர்மையாகக் கணக்குப் போட்டேன். முதல் பத்து நாள் செய்தது வேலை. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் எழுத்தின் நிறத்தை மாற்றுவது, ஒரு வாக்கியத்தைத் திருத்துவது, மறுநாள் அதைப் பழையபடியே ஆக்குவது. 1955-இல் நார்த்கோட் பார்க்கின்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவையும் அது நிரப்பிக்கொள்ளும் என்று தொடங்குவார். அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்ய எழுதியதுதான். ஆனால் அவர் சொல்லும் முதல் உதாரணம் அலுவலகம் அல்ல: வேறு வேலை இல்லாத ஒரு மூதாட்டி, உறவுக்காரப் பெண்ணுக்கு ஒரு அஞ்சலட்டை எழுதி அனுப்ப ஒரு நாள் முழுவதையும் செலவிடுகிறார். கண்ணாடியைத் தேட ஒரு மணி, முகவரியைத் தேட அரை மணி என்று போகும். அந்தப் பாட்டியாவது சொந்தக்காரப் பெண்ணுக்காகச் செலவிட்டார். நான் யாருக்காக?

* * *

அடுத்து என் கதை. கடைசி நாட்களில் தயாரிப்பைக் குறைக்க வேண்டும் என்பது ஓடுகிறவர்களுக்கு எழுதப்பட்ட விதி. இருந்தாலும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். முதல் முறை பயிற்சியெல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டு, பந்தயத்துக்கு ஆறு நாள் முன்னால் ‘சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம்’ என்று 32 ஓடினேன். உடம்பு தயாரா என்பது அல்ல சந்தேகம், மனசுக்கு ஒரு ரசீது வேண்டியிருந்தது. பந்தயத்தன்று 30-ஐத் தொடும் முன்பே தொடை கல்லாகிவிட்டது. மிச்சத்தை நடந்தேன்.

கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியளவுக்குக் குறைக்க வேண்டும், வேகத்தை மட்டும் கைவிடக் கூடாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வதும் 40 முதல் 60 சதவீதக் குறைப்பைத்தான். கடைசி வாரத்தில் ஓடும் நீண்ட ஓட்டம் பந்தய நாளுக்குள் பலமாக மாறாது. களைப்பு மட்டும் உடனே வந்து சேரும்.

இரண்டாவது முறை சொன்னபடி குறைத்தேன். அப்போது வந்தது வேறொரு சிக்கல்: மாலைகள் காலியாகிவிட்டன. கை கால் பரபரக்கும். ஷூவை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைப்பேன். ஒரு நாள் அம்மா, “சும்மாதானே இருக்கே, என்கூட நடந்துட்டு வா” என்றார். இரண்டு கிலோமீட்டர் நடக்க 50 நிமிடம் ஆனது. முதல் பத்து நிமிடம் என்னை அறியாமல் நாலடி முன்னால் போய்த் திரும்பி நின்று, மறுபடி முன்னால் போய் நின்றேன். “உன் அப்பாவும் இப்படித்தான் முன்னாடி போயிடுவார்” என்றார். அப்பாவைப் பற்றி அவராகப் பேச்செடுத்து ஆறேழு வருடம் இருக்கும். அன்றைக்கு மிச்ச வழி முழுவதும் அவர்தான் பேசினார்.

பந்தயத்தை முடித்த நேரத்தைக் கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: முதல் முறையை விட 38 நிமிடம் குறைவு. அம்மாவோடு நடந்ததால் என்று சொல்ல மாட்டேன். தூரத்தைக் குறைத்ததால்தான்.

* * *

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேலே இருவர் சொன்னதன் சாரம், ‘கடைசி நாட்களில் விட்டுவிட்டு வீட்டாரோடு உட்காருங்கள்’ என்பது. சொல்ல எளிது. நான் 38 வயதில் தொழில்முறைத் தேர்வு எழுதுகிறவள். கடைசி வாரம் புத்தகத்தை மூடினால் எனக்குப் பதற்றம் கூடுமே தவிர குறையாது. உடம்பைக் கொண்டுபோய்க் கூடத்தில் உட்கார வைப்பேன், மனசு எட்டாவது பாடத்தில் நிற்கும். “ஏன் ஒரு மாதிரியா இருக்கே?” என்று அண்ணன் கேட்பான். படிக்கவும் இல்லை, பேசவும் இல்லை, இரட்டை நஷ்டம்.

எனக்கு வழிவிட்டது ஒரு துண்டுக் காகிதம். எழுந்திருக்கும் முன் அதில் இரண்டு வரி எழுதுவேன்: எங்கே நிறுத்தினேன், நாளைக் காலை எத்தனை மணிக்கு எதிலிருந்து தொடங்குவேன். 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிக்காத வேலை மனசைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அதை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த இழுப்பு தளர்ந்துவிடுகிறது. காகிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு எழுந்தால், பாதி மனசாவது என்னோடு கூடத்துக்கு வருகிறது. பாதி போதும்.

இன்னொன்று. எனக்குத் தைரியம் கொடுத்த மறுவாசிப்பு ஒரு ஏமாற்று என்பதும் லேட்டாகத்தான் புரிந்தது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். இதில் வேடிக்கை, நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

அதனால் புத்தகத்தை அண்ணன் கையில் கொடுத்து, “கேள்வி கேளு” என்றேன். சொற்களை உச்சரிக்கத் தெரியாமல் அவன் கொன்றான். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. பாதிக்குப் பதில் தெரியவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். கடைசியில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, “இவ்வளவும் நீயா படிக்கிறே?” என்றான். ஒரே வீட்டில் இரண்டு வருடமாகப் படிக்கிறேன்.

* * *

நான் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் கணவருக்குப் பெரிய நாள் வரும் வாரத்தில் வீடு முழுக்கப் பரீட்சை. மிக்சியை எப்போது போடலாம் என்று யோசித்துப் போடுவோம். பையனுக்குக் காய்ச்சல் வந்ததை இரண்டு நாள் நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டு நான் மறைத்ததல்ல. ‘இப்போது சொல்லக் கூடாது’ என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

‘முடியட்டும், அப்புறம் நேரமெல்லாம் உங்களுக்குத்தான்’ என்பார். பொய் சொல்கிற மனுஷன் இல்லை. முடிந்த அன்று இரவு படுத்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டார். மூன்றாம் நாள் அடுத்த தேதி வந்துவிடும்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு, மனைவியிடம் போய், “நீ என்கிட்ட சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன். “எதிலேர்ந்து ஆரம்பிக்க?” என்றாள்.

ஒரு முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திருந்துகிறேன் பேர்வழி என்று அட்டவணையில் ‘7.00–7.45 மகள்’ என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேனாம். “அப்பா, உன் நிமிஷம் முடிஞ்சுதா?” என்று கேட்டாள். நாளைக்கு மனசு லேசாக இருக்கட்டும் என்று இன்றைக்குப் பிள்ளையோடு உட்காருவதும் தயாரிப்பின் இன்னொரு ஸ்லைடுதான் போலிருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த வரியை மட்டும் அழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை அடுத்த உரை. இன்று செவ்வாய். இந்த முறை 16 ஸ்லைடு, ‘ஒருவேளை கேட்டால்’ ஃபோல்டரில் மூன்று. நேற்று மாலை அது ஐந்தாகி, இரவு மறுபடி மூன்றானது. அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். அவள் இன்னும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.