மறு: ‘கேட்ச் பெர் யூனிட் எஃபர்ட்’ – தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது, ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியாகப் பதில் போட்டால் யாரும் படிக்க மாட்டீர்கள், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடல். புதிதாக வந்தவர்களுக்கு: கிடைத்த மீனை, அதைப் பிடிக்கப் போன படகு, நாள், நேரம் போன்றவற்றின் அளவால் (அதுதான் ‘எஃபர்ட்’) வகுத்தால் வருவது ‘கேட்ச் பெர் யூனிட் எஃபர்ட்’; அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் இழையின் கேள்வி. நான் படித்தது புள்ளியியல். இருப்பது பாம்பனில். மீன் இறங்குதளத்தில் கணக்கெடுப்பவர்களோடும் படகுக்காரர்களோடும் பேசிப் பழகியவன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அகராதியில் அழகாக உட்கார்ந்திருக்கும் சொல்லைவிட, ஏலம் நடக்கும் இடத்தில் வாயில் வருகிற சொல்தான் எனக்கு வேண்டும்.

> ‘அலகு முயற்சிக்கான பிடிப்பு’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம், அறிக்கை எழுத. ஆனால் ‘முயற்சி’ என்பதில்தான் எனக்குச் சிக்கல். நம் பேச்சில் முயற்சி என்றால் மனசு வைத்து முயல்வது; அதற்கு அளவுகோல் கிடையாது. மீன்வளக் கணக்கில் வரும் ‘எஃபர்ட்’ அப்படியில்லை. எத்தனை படகு போனது, எத்தனை நாள், வலை எத்தனை மணி நேரம் தண்ணீரில் கிடந்தது, வலையின் நீளம் என்ன, இன்ஜின் எத்தனை குதிரைத்திறன், இவைதான் அது. சோம்பேறி ஒருவர் அரைத்தூக்கத்தில் வலை இழுத்தாலும் கணக்கில் அது முழு எஃபர்ட்தான்.

‘உழைப்பு’ என்று சொன்ன ஐயாவுக்கும் இதே பதில். உழைப்பு ஆளுக்கு உரியது. இங்கே பெரும்பாலும் அளப்பது படகையும் வலையையும் நேரத்தையும்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி, ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நாள் 60 படகு போய் 6,000 கிலோ மீன் வருகிறது. இன்னொரு நாள் 150 படகு போய் 10,500 கிலோ வருகிறது. ‘மீன்வரத்து அதிகரிப்பு, மீனவர்கள் மகிழ்ச்சி’ என்று தலைப்புப் போட்டுவிடலாம், மொத்தம் முக்கால் பங்கு கூடியிருக்கிறதே. ஆனால் படகுக்கு 100 கிலோவாக இருந்தது 70 ஆகிவிட்டது. டீசல், ஐஸ், ஆள்களின் பங்கு எல்லாம் போக அந்த 70-இல் என்ன மிஞ்சும் என்று படகு உரிமையாளரைக் கேளுங்கள், மகிழ்ச்சி எவ்வளவு என்று தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடிந்ததும் விசைப்படகுகள் மொத்தமாகப் புறப்படும். அந்த முதல் வாரத்து மொத்தத்தை மட்டும் பார்த்து ‘கடலில் மீன் பெருகிவிட்டது’ என்று பேசுவது பெரிய அபத்தம். மீன் பெருகியும் இருக்கலாம், ஆனால் அதை மொத்தம் சொல்லாது, வகுத்துப் பார்த்தால்தான் தெரியும். வண்டிக்கு மைலேஜ் பார்க்கிற எல்லாருக்கும் இது தெரிந்த கணக்குதான். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை வைத்து யாரும் வண்டியை எடைபோடுவதில்லை.

ஆகவே சொல்லுக்குள் வகுக்கும் எண் தெரிந்தாக வேண்டும். இது என் முதல் நிபந்தனை. இரண்டாவது, அந்த வகுக்கும் எண் அளந்து எடுத்தது என்பதும் தெரிய வேண்டும்.

> ‘சராசரி மீன்பாடு’ போதாதா? எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான் (மீன்பாடு என்றால் கிடைத்த மீன்), ஆனால் வில்லங்கம். ஒரு படகு 2 மணி நேரம் வலை இழுத்து 40 கிலோ, இன்னொன்று 10 மணி நேரம் இழுத்து 60 கிலோ. முதலாவதற்கு மணிக்கு 20, இரண்டாவதற்கு மணிக்கு 6. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 13. அப்படிச் செய்யாமல் மொத்த மீன் 100 கிலோவை மொத்த நேரம் 12 மணியால் வகுத்தால் 8.3 சொச்சம். எது சரி? ‘படகுகள் எப்படி ஓடின’ என்பது கேள்வியானால் முதல் கணக்குக்கு ஒரு நியாயம் உண்டு. ‘கடலில் மீன் எவ்வளவு அடர்த்தி’ என்பது கேள்வியானால் பெரும்பாலும் இரண்டாவது. ‘சராசரி’ என்று பெயரிலேயே போட்டுவிட்டால் படிக்கிறவர் முதல் கணக்குக்குத்தான் போவார். பெயர் வைக்கிறபோதே தவறான கணக்குக்கு வழிகாட்ட வேண்டாம்.

> மீன்பாட்டு வீதம்?

இது எனக்குப் பிடித்திருந்தது. ‘ஆளுக்கு இரண்டு வீதம்’ என்று நாம் சொல்வதில்லையா, அதே வீதம். ஆனால் மன்னார் நண்பர் எழுதியதைப் பார்த்தபின் தயக்கம். அக்கரையில் ‘இருபது வீதம்’ என்றால் நூற்றுக்கு இருபது. அவர்கள் இதைப் படித்தால் எதில் எத்தனை சதவீதம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். போதாக்குறைக்கு மட்டக்களப்பு அக்கா ‘மீன்பாட்டு என்றால் எங்களுக்கு வாவியில் மீன் பாடுவதுதான் நினைவுக்கு வரும்’ என்று எழுதிவிட்டார். மீன் பாடும் தேன்நாட்டுக்காரரிடம் அதற்குமேல் என்ன வாதாட முடியும்.

‘பாடு’ மட்டும் எனக்குக் கட்டாயம் வேண்டும். ‘பிடிப்பு’ அறிக்கைத் தமிழ். இந்தக் கரையில் யாரும் ‘இன்று பிடிப்பு எப்படி’ என்று கேட்க மாட்டார்கள், ‘பாடு எப்படி’ என்றுதான் கேட்பார்கள். பத்திரிகையும் மீன்பாடு என்றுதான் எழுதுகிறது. பாடுபடுவதும் பாடுதான், கிடைப்பதும் பாடுதான் என்று ஒருவர் நயம் பாராட்டியிருந்தார், ரசித்தேன். ஆனால் கலைச்சொல்லில் அந்த நயம் வேண்டாம். வகுபடும் எண்ணுக்கும் வகுக்கும் எண்ணுக்கும் ஒரே பெயர் என்றால் மாணவன் பாவம்.

அப்புறம் எஃபர்ட்டுக்கு என்ன? நம் கரையில் ‘தொழில்’ என்றாலே கடல்தொழில்தான். ‘இன்றைக்குத் தொழில் இல்லை’ என்றால் படகு போகவில்லை என்று பொருள். தொண்டி அண்ணன் இதை வைத்து ‘தொழிற்பாடு’ என்று அழகாகச் சேர்த்தார், கேட்கவும் நன்றாக இருந்தது, ஆனால் இலங்கைப் பாடநூல்களில் இதயத்தின் தொழிற்பாடு, கல்லீரலின் தொழிற்பாடு என்று அந்தச் சொல் எப்போதோ வேலையில் சேர்ந்துவிட்டது. இரு கரைக்கும் நடுவில் இவ்வளவு குறுகின கடலை வைத்துக்கொண்டு ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வேண்டாமே. மீடியனுக்கு அங்கே இடையம், இங்கே இடைநிலை அளவு என்றும், ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு அங்கே நியம விலகல், இங்கே திட்டவிலக்கம் என்றும் ஏற்கெனவே பிரிந்து கிடப்பது போதும்.

என் பரிந்துரை இது: எஃபர்ட்டுக்குத் தொழிலளவு. கேட்ச் பெர் யூனிட் எஃபர்ட்டுக்குத் தொழிலளவுப் பாடு. எந்த அலகு என்று தெரிந்தால் அந்த அலகையே முன்னால் போட்டுக்கொள்ளலாம்: தொழில்நாள் பாடு (ஒரு படகு ஒரு நாள் தொழிலுக்குப் போனால் கிடைப்பது), இழுவைமணிப் பாடு (ஒரு மணி நேரம் வலை இழுத்தால் கிடைப்பது). கரைவலைக்கு ஒரு தடவை வலை வளைத்து இழுப்பதுதான் அலகு, அங்கே ‘வளைப்புக்குப் பாடு’. ‘தொழில்நாள் பாடு’ என்று ஒரு படகுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் கேட்கவில்லை, ‘இப்போ ரொம்பக் கம்மி’ என்று பதிலே சொல்லிவிட்டார்.

> எந்தப் பெயர் வைத்தாலும் அந்த எண்ணை நம்ப முடியுமா? கணக்கெடுப்பவர் எல்லாப் படகையும் பார்ப்பதில்லையே.

பார்க்க வேண்டியதில்லை. இதில் நம் மாவட்டத்துக்கே ஒரு பங்கு உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கியது, 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகம் மண்டபம்தான். நாட்டின் கடல்மீன் வரத்தைக் கணிக்க அவர்கள் உருவாக்கிய கூறெடுப்பு முறையில் இறங்குதளங்களையும் நாள்களையும் சமவாய்ப்பில் தேர்ந்து, வருகிற படகுகளில் ஒரு பகுதியை மட்டும் பார்த்து, அதிலிருந்து மொத்தத்துக்கு ஏறுகிறார்கள். தேர்வு சமவாய்ப்பாக இருந்தால் சிறு பகுதி போதும், எவ்வளவு பிசகும் என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.

நம்பிக்கை கெடுவது வேறு இடத்தில். ஏலக்காரர் நோட்டிலிருந்து கணக்கு எடுத்தால் அதில் மீன் விற்ற படகு மட்டும்தான் இருக்கும். 10 படகு போய் 6 படகு தலா 50 கிலோ கொண்டுவந்து 4 படகு வெறுங்கையோடு திரும்பினால், நோட்டு 50 என்று சொல்லும், கடல் 30 என்று சொல்லும். பாடு மோசமாக மோசமாக இந்தப் பொய்யும் பெரிதாகும். ஆகவே வரையறையில் ‘வெறுமனே திரும்பிய படகும் தொழிலளவில் சேரும்’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் ஆபத்தானது. ஜிபிஎஸ் வந்தது, ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் எக்கோ சவுண்டர் வந்தது, இன்ஜின் பெரிதானது. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு தொழில்நாளும் இன்றைய ஒரு தொழில்நாளும் பெயரளவில்தான் ஒன்று. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனுக்கு நடந்தது தெரிந்த கதை. மீன் இனமே சுருங்கிக்கொண்டிருந்தபோதும், எஞ்சிய மீன் கூட்டம் சேரும் இடத்தைப் பெரிய இழுவைக் கப்பல்கள் தேடிப் போய்ப் பிடித்ததால் அவற்றின் தொழிலளவுப் பாடு குறையாமல் நின்றது, அந்த எண்ணை நம்பிய மதிப்பீடுகள் மீன் இருப்பதைவிட அதிகம் என்று காட்டின, கடைசியில் 1992-இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. எண் பொய் சொல்லவில்லை. ‘அளவு’ மாறிக்கொண்டிருந்ததை யாரும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. ‘முயற்சி’யைவிடத் தொழிலளவு மேல் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் காரணம்: அளவு என்று சொன்னால் ‘எதால் அளந்தாய்’ என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

– பாம்பனிலிருந்து

———

அண்ணா, வணக்கம். நான் தனுஷ்கோடி பக்கம் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவன். எங்களுக்கும் எஃபர்ட் உண்டு. எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை தூரம் நடந்து பார்த்தோம் என்று எழுதாமல் ‘பூநாரை 300’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பட்டியலுக்கு மதிப்பே கிடையாது. ஆனால் நாங்கள் செய்வது தொழில் இல்லையே, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. தொழிலளவு என்று எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள். முயற்சி என்று இருந்தால் எல்லாத் துறைக்கும் பொதுவாக இருக்குமே?

– ராமேஸ்வரத்திலிருந்து

———

தம்பி, நியாயமான கேள்வி. ஆனால் எல்லாத் துறைக்கும் ஒரே சொல் என்று போனால்தான் ‘முயற்சி’ மாதிரி யாருக்கும் ஒட்டாத சொல்லில் போய் நிற்கிறோம். உங்களுக்குத் ‘தேடலளவு’ பொருந்தும் என்று நினைக்கிறேன், நீங்கள் அளப்பது தேடிய நேரமும் தூரமும்தானே. பாசி எடுக்கும் பெண்களுக்குத் தொழிலளவே போதும், அவர்கள் கடலில் இறங்குவதும் தொழில்தான். ‘அளவு’ என்கிற பின்பாதி பொதுவாக இருக்கட்டும், முன்பாதியை அந்தந்தத் துறை முடிவு செய்யட்டும்.

மன்னார் நண்பர் தனி மடலில் ‘தொழிலளவு எங்களுக்கும் உறுத்தவில்லை’ என்று எழுதியிருக்கிறார், குழுவிலும் ஒரு வரி போட்டுவிட்டால் நல்லது. வேறு மறுப்பு இல்லையென்றால் கீழே உள்ளபடி விக்சனரி இணைய அகராதியில் சேர்த்துவிடுகிறேன்:

தொழிலளவுப் பாடு: ஓர் அலகுத் தொழிலளவுக்கு (தொழில்நாள், இழுவைமணி, வளைப்பு முதலியன) கிடைத்த மீன்பாடு. மொத்தப் பாட்டை மொத்தத் தொழிலளவால் வகுத்துப் பெறுவது. பாடு இல்லாமல் திரும்பிய படகுகளின் தொழிலளவும் சேர்க்கப்படும். ஒப்பிடும்போது எந்த அலகு, எந்த வகைப் படகு என்று குறிப்பிடுக.

கடலில் இருக்கும் மீனில் எவ்வளவு பங்கு ஒரு தொழிலளவில் சிக்கும் என்பதற்கு ஆங்கிலத்தில் கேட்சபிலிட்டி என்று ஒன்று இருக்கிறது. நிகழ்தகவு மாதிரி ‘பிடிதகவு’ என்று ஒரு சொல் தோன்றுகிறது, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இதிலேயே போட்டால் பிறகு தேடினால் கிடைக்காது.

– பாம்பனிலிருந்து