கலைச்சொல் உதவி: எக்ஸெஜீசிஸ், ஐசெஜீசிஸ் (புதன்கிழமை அச்சு)

நாகர்கோவிலிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

சபைகளில் பிரசங்கம் செய்யும் சாதாரண விசுவாசிகளுக்காக ஒரு கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். புதன்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் வந்து நிற்கிறேன். வசனத்துக்குள் இருக்கும் பொருளை வெளியே எடுப்பது எக்ஸெஜீசிஸ். நம் மனதில் இருப்பதை வசனத்துக்குள் கொண்டுபோய் வைப்பது ஐசெஜீசிஸ். கிரேக்கத்தில் முன்னொட்டு மட்டும்தான் மாறுகிறது. தமிழிலும் அப்படி ஓர் இணை கிடைத்தால் வகுப்பில் சொல்லிக்கொடுக்க எளிது.

போன சனிக்கிழமை வகுப்பில் ஓர் அம்மா தன் பைபிளுக்குள்ளிருந்து வாக்குத்தத்த அட்டையை எடுத்துக் காட்டினார். புத்தாண்டு இரவு ஆராதனையில் எடுத்தது. தொட்டுத் தொட்டு ஓரம் நைந்திருந்தது. எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." மகனுக்கு இந்த வருஷம் வேலை கிடைக்கும் என்று கர்த்தர் தனக்குச் சொன்ன வார்த்தையாக அதை வைத்திருக்கிறார். முந்தின வசனத்தை வாசிக்கச் சொன்னேன். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று வருகிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ இது எனக்கு இல்லையா?" என்று கேட்டார்.

அவரிடம் பயன்படுத்தக்கூடிய சொல் வேண்டும். திட்டுகிற சொல் வேண்டாம். இப்போதைக்கு என் வரைவில் 'பொருளெடுப்பு', 'பொருளேற்றம்' என்று போட்டிருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, கையில் வெண்ணெய் இருக்கிறது. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையைச் சொல்லும் 'பொருள்கோள்' என்ற இலக்கணச் சொல்லை ஏன் விட்டுவிட்டீர்கள்? தொல்காப்பியம் நான்கு வகை சொல்கிறது, நன்னூல் எட்டு சொல்கிறது. வேதத்துக்கு அது பொருந்துமா என்று கேட்பவர்கள் மத்தேயு 7:6ஐ எடுத்துப் பாருங்கள். "பரிசுத்தமானதை நாய்களுக்குக் கொடாதேயுங்கள், உங்கள் முத்துகளைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள், போட்டால் தங்கள் கால்களால் அவைகளை மிதித்து, திரும்பிக்கொண்டு உங்களைப் பீறிப்போடும்." மிதிப்பது பன்றி, பீறுவது நாய். முதலில் நாய், பிறகு பன்றி. வினை வரும்போது பன்றியின் வினை முதலில், நாயின் வினை கடைசியில். வரிசையைத் தலைகீழாக வைக்கும் பொருள்கோள், அச்சு அசலான எதிர்நிரல்நிறை. இதைத் தெரியாதவர் பன்றி கடித்துக் குதறும் என்று பிரசங்கம் பண்ணுவார். நம் இலக்கணம் படித்த பிள்ளை ஒரே பார்வையில் பிடித்துவிடும்.

இன்னொன்று. உரைக்கு நன்னூல் சொல்லும் பதினான்கு உறுப்புகளில் 'சொற்பொருள்' ஒன்று, 'பயன்' ஒன்று. எரேமியாவின் சொற்பொருள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குரியது. பயன் அந்த அம்மாவுக்கும் உண்டு. சிறையிருப்பு நீண்டபோதும் தம் ஜனத்தை மறக்காத தேவன்தான் அவருக்கும் தேவன். இதை அவரிடம் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து:

பொருள்கோள் நல்ல தமிழ்தான், ஆனால் அது செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறை. நூல் முழுவதற்கும் பொருள் காண்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல் 'உரை'. பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்று அறிகிறோம். சொல்லை உரைத்துப் பொருள் அறிவது உரை. உரசு, உராய் எல்லாம் ஒரே வேர். உரலும் அந்த வேரில் பிறந்ததுதான் என்பது என் கருத்து. நெல்லை உராய்ந்து உமியிலிருந்து அரிசியைப் பிரிக்கிறது. எக்ஸெஜீசிஸும் அதைத்தானே செய்கிறது? ஆகவே 'மறையுரை', அதற்கு எதிராகத் 'திணிப்புரை'.

கையேட்டில் வேதாகமம், வசனம், தீர்க்கதரிசனம் என்று வரிக்கு வரி வடமொழி. கலைச்சொல்லையாவது தமிழில் வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

கோவை ஐயா, உரைத்தல் என்றால் சொல்லுதல், உரைத்தல் என்றால் தேய்த்தல். ஒலி ஒன்றாக இருப்பதால் வேரும் ஒன்று என்று முடிவுகட்ட முடியாது. உரலை விட்டுவிடுவோம்.

கிரேக்கம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் ஒன்று. லூக்கா 24:27இல், எம்மாவுக்குப் போகும் வழியில் இயேசு வேதவாக்கியங்களை "விவரித்துக் காண்பித்தார்" என்று இருக்கிறது. ஹெர்மனூட்டிக்ஸ், அதாவது பொருள் விளக்கும் கலை, என்ற சொல் பிறந்த வினையே அங்கே வருகிறது. யோவான் 1:18இல் குமாரன் பிதாவை "வெளிப்படுத்தினார்" என்ற இடத்தில் எக்ஸெஜீசிஸின் வினை. இரண்டுக்கும் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வளவு எளிய சொல் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

தூய தமிழ் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மிஷனரி பெர்சிவலும் ஆறுமுக நாவலரும் சேர்ந்து உழைத்த வேதாகம மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. நடை செம்மையானது. ஆனால் தமிழகத்துச் சபைகளில் அது நிலைக்கவில்லை. 1871இல் முழுமையாக வந்த, மிஷனரி ஹென்றி பவரின் மொழிபெயர்ப்புதான் வீடுகளுக்குள் போனது. சொல்லைச் சனம் வாயில் எடுக்க வேண்டும். 'திணிப்புரை' என்று அந்த அம்மாவிடம் சொன்னால், அவர் குற்றம் செய்துவிட்டதாகத்தான் அவருக்கு விளங்கும்.

திருச்சியிலிருந்து:

வேதத்திலேயே சொல் இருக்கிறதே! 2 பேதுரு 1:20: "வேதத்திலுள்ள எந்தத் தீர்க்கதரிசனமும் சுயதோற்றமான பொருளையுடையதாயிராது." ஐசெஜீசிஸுக்குச் 'சுயப்பொருள்' என்று வைத்தால் என்ன? எல்லாருக்கும் தெரிந்த வசனம். 'பொருளேற்றம்' என்றால் எனக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி, அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியும். "தீர்க்கதரிசனமானது ஒருகாலத்திலும் மனுஷருடைய சித்தத்தினாலே உண்டாகவில்லை." தீர்க்கதரிசனம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றித்தான் பேதுரு கதைக்கிறார் என்று எனக்குப் படுகிறது. வாசகன் தன் விருப்பப்படி பொருள் சொல்வதை விலக்குகிறார் என்று கொள்வோரும் உண்டு. ஆனால் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'தோற்றம்' என்று போட்டு முதல் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தத் தோற்றத்தை நீர் உருவிவிட்டு மிச்சத்தை வைத்துச் சொல் ஆக்குகிறீர். இடம் பார்க்காமல் வசனம் எடுக்காதே என்று சொல்லும் கலைச்சொல்லையே இடம் பார்க்காமல் எடுத்த வசனத்திலிருந்து உண்டாக்கலாமா? இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை வகுப்பில் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

'பொருள்கோள்' என்றதும் பின்வரிசையில் சிரிப்பு; கோள் சொல்வது என்று எடுத்துக்கொண்டார்கள். 'ஏற்றுரை' என்று நானே ஒன்று சேர்த்தேன், அதை விழாவில் பேசும் ஏற்புரை என்று வாசித்தார்கள். பிறகு பிலிப்பியர் 4:13ஐ எடுத்தோம். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் எல்லாரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 12ஆம் வசனத்தோடு சேர்த்து வாசித்தபோது, பசியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்ட பெலன் அது என்று தெரிந்தது. மீன் வியாபாரம் பண்ணும் ஓர் அண்ணன் எழுந்து, "அப்ப இவ்வளவு நாளும் நாமதான் ஏத்திச் சொல்லியிருக்கோம்" என்றார். யாரும் அவருக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கவில்லை.

ஆகவே 'பொருளெடுப்பு', 'பொருளேற்றம்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். துறைமுக நினைவு வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நமக்கு என்ன என்ற பகுதிக்குத் தஞ்சை ஐயா சொன்ன 'பயன்' தலைப்பாகிறது. அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மத்தேயு 7:6 பயிற்சியாகச் சேர்கிறது. 2 பேதுரு சேரவில்லை.

அந்த அம்மாவிடம் சொற்பொருள், பயன் இரண்டையும் விளக்கினேன். அட்டையைத் திரும்ப அதே பக்கத்தில் வைத்துக்கொண்டார். 10ஆம் வசனத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

தஞ்சாவூரிலிருந்து:

மகிழ்ச்சி. ஆனால் பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதற்காக ஒரு சொல்லைக் கைவிடுவது எனக்கு உடன்பாடில்லை அம்மா. கொள் என்பதிலிருந்து கோள் வந்தது என்று ஒரு நிமிடம் சொல்லிக்கொடுத்தால் சிரிப்பு நின்றுவிடும். அடுத்த பதிப்பிலாவது பார்க்கலாம்.

கோவையிலிருந்து:

நான் 'திணிப்புரை' என்றுதான் எழுதுவேன். உரல் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.