காரின் எடையையும் வேகமெடுப்பையும் வீட்டிலேயே அளக்க என்ன கருவி வாங்கலாம்?

கோட்டைவாசல்42

வணக்கம். செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் பன்னிரண்டு வருடம் ஓடிய சின்ன கார் ஒன்று இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன்பு அதில் சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு) கிட் பொருத்தினேன். மனைவிக்குப் பிறந்த ஊர் புனலூர். மாதத்துக்கு இரண்டு முறையாவது புளியரை ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய் வருகிறோம். முன்பெல்லாம் எஸ் வளைவில் மூன்றாம் கியரில் சிணுங்காமல் ஏறிய வண்டி, இப்போது இரண்டாம் கியரிலேயே மூச்சு வாங்குகிறது. போன வாரம் வைக்கோல் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற லாரி ஒன்று என்னைத் தாண்டிப் போய்விட்டது. வைக்கோல் போரே நடந்து போனது மாதிரி இருந்தது. மனைவி சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிட் போட்ட கடைக்காரர், "எண்பது கிலோ கூடியிருக்கிறது, எடை கூடினால் இழுவை குறையத்தானே செய்யும்" என்று முடித்துவிட்டார். உண்மையில் எவ்வளவு கூடியது, வேகமெடுப்பு எவ்வளவு குறைந்தது என்று நானே அளந்து பார்த்துவிட்டு அவரிடம் பேச நினைக்கிறேன். பந்தயக்காரர்கள் நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைக்கும் எடைப்பலகை, வண்டியின் கணினியிலிருந்து எண்களைப் படிக்கும் ஓ.பி.டி. அடாப்டர், ஜி.பி.எஸ். கருவி என்று பலவும் கண்ணில் படுகின்றன. எதை வாங்கலாம்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக் குளியலறைத் தராசின் மேல் பலகை போட்டு, முன்சக்கரத்தை மெல்ல ஏற்றினேன். 150 என்று காட்டியது, பிறகு 'இ' மாதிரி ஒரு பிழைக்குறி, பிறகு ஒரு சத்தம். கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிந்துவிட்டது. மாமியார் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

வேகப்பிரியன்

எதற்கு இவ்வளவு சிரமம்? போனிலேயே முடுக்கமானி இருக்கிறது. செயலி ஒன்றை இறக்கி, போனை டேஷ்போர்டில் வைத்து ஓட்டுங்கள். குதிரைத்திறன் வரை சொல்லிவிடும். விசையை முடுக்கத்தால் வகுத்தால் எடையும் வந்துவிடுமே.

ஓய்வுபெற்ற இயற்பியல்

தம்பி வேகப்பிரியன், அந்தச் செயலிக்குக் குதிரைத்திறனைக் கணக்கிட முதலில் எடை வேண்டும். அதை நீங்கள்தான் தட்டச்சு செய்து கொடுக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த எடையை அதனிடமிருந்தே திரும்ப வாங்குவது எப்படி?

கேட்டவருக்குச் சொல்கிறேன். முதலில் தராசு. உங்கள் வண்டி பதிவுச் சான்றான ஆர்.சி.படி 830 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் 250 கிலோ இறங்கும். 150 கிலோ தராசு பாவம், அது என்ன செய்யும்? நெம்புகோல் முறையில் பலகையை மூன்றில் ஒரு பங்குச் சுமை மட்டும் தராசில் விழும்படி அமைக்கலாம். கல்லூரியில் மாணவர்களை வைத்துச் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு சக்கரம் மட்டும் பலகையின் உயரத்துக்கு எழும்பினால் சுமை மற்ற சக்கரங்களுக்கு மாறிவிடும். மற்ற மூன்றையும் அதே உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும். வீட்டு வாசலில், அதுவும் சரிந்த வாசலில், இது நடக்கிற காரியமில்லை. பந்தயப் பலகைகள் சக்கரத்துக்குச் சக்கரம் சுமை எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பதற்கானவை. உங்களுக்கு மொத்த எடை போதும், அதற்கு ஊரில் எடை மேடை இருக்கிறது.

எடையை முடுக்கத்திலிருந்து எடுக்கலாமா என்பதற்கும் ஒரு கணக்கு. வண்டியில் நூறு கிலோ அரிசி மூட்டை ஏற்றுகிறீர்கள். அதற்கு முன் முடுக்கம் 0.60, ஏற்றிய பின் 0.54 மீட்டர்/விநாடி². இழுவிசை மாறவில்லை என்று கொண்டால் வண்டியின் எடை 900 கிலோ என்று வரும். இரண்டாவது அளவு 0.54க்குப் பதில் 0.55 என்று விழுந்தால்? 1100 கிலோ! அளவு 0.01 தடுமாறினால் இருநூறு கிலோ ஓடிவிடுகிறது.

போனின் முடுக்கமானி நல்ல கருவிதான். சிக்கல் அது உட்கார்ந்திருக்கும் வண்டியில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டியின் மூக்கு சற்றே உயரும். ஒரு டிகிரி சாய்ந்தால் புவியீர்ப்பின் ஒரு துணுக்கு, 0.17 மீட்டர்/விநாடி², முடுக்கம் என்ற பெயரில் உள்ளே நுழைந்துவிடும். உங்கள் வண்டி மூன்றாம் கியரில் எடுக்கும் மொத்த முடுக்கமே 0.6, 0.7தான் இருக்கும். கால் பங்கு பொய்.

எடைமேடை புளியரை

அண்ணாச்சி, மேடையிலிருந்தே எழுதுகிறேன். எங்களுடையது 60 டன் மேடை, பத்துக் கிலோ படியில் காட்டும். உங்கள் வண்டி 917 ஆக இருந்தாலும் சீட்டில் 920 என்றுதான் விழும். அதற்குக் கீழே துல்லியம் கேட்காதீர்கள். வருடா வருடம் முத்திரை போட்ட மேடைதானா என்று மட்டும் பாருங்கள், சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும்.

வருவதானால் காலை ஆறரைக்குள் வாருங்கள். அதற்கு மேல் மணல் லாரி, காய்கறி லாரி என்று வரிசை கட்டிவிடும். உங்கள் காரை இடையில் விட்டால் டிரைவர்கள் என்னைத் திட்டுவார்கள். மழை பெய்திருந்தால் மேடையில் சேறு கிடக்கும். ஏறும் முன் எண் பூஜ்யம் காட்டுகிறதா என்று எட்டிப் பாருங்கள். மேடையில் நிறுத்தியதும் நீங்களும் இறங்கிவிட வேண்டும். போன மாதம் ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், பலாப்பழம் எல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு எடை போட்டுவிட்டு, கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்கு வந்தார்.

இன்னொன்று: முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழித்தால் பின்பக்கச் சுமை தெரிந்துவிடும். சிலிண்டர் டிக்கியில்தானே இருக்கிறது.

கோட்டைவாசல்42

மிக்க நன்றி. நாளைக் காலை வருகிறேன். எடைக்கு வழி கிடைத்துவிட்டது. வேகமெடுப்புக்கு என்ன வாங்கட்டும், ஐயா? ஓ.பி.டி. அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ஓய்வுபெற்ற இயற்பியல்

எதுவும் வாங்க வேண்டாம். பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, வேகமானி முள்ளை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். விநாடிக்கு 30 சட்டகம் பதிவாகும். வீட்டுக்கு வந்து சட்டகம் சட்டகமாக நகர்த்தி, முள் 40ஐத் தொட்ட நேரத்தையும் 70ஐத் தொட்ட நேரத்தையும் குறித்தால் பத்தில் ஒரு விநாடிக்குச் சரியாக இருக்கும். ஓ.பி.டி. வேகத்தை முழு எண்ணாக மட்டுமே தரும், மலிவான அடாப்டர் அதையும் தாமதித்துத் தரும். போனின் ஜி.பி.எஸ். பெரும்பாலும் விநாடிக்கு ஒரு முறை. விநாடிக்குப் பத்து முறை தரும் தனிக் கருவி இருக்கிறது, நன்றாக வேலை செய்யும். உங்கள் கேள்விக்கு அது வேண்டியதில்லை.

முள் கொஞ்சம் கூட்டிக் காட்டும், எல்லா வண்டியிலும் அப்படித்தான். தேசிய நெடுஞ்சாலையில் 200 மீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். முள் 60இல் நிற்கும்படி ஓட்டி, ஐந்து கல் தாண்ட 64 விநாடி ஆனால் உங்கள் உண்மை வேகம் 56. ஆனால் இன்றைய அளவை நாளைய அளவோடு ஒப்பிடுவதற்கு இந்தப் பிழை தொல்லை தராது. அதே முள், அதே பொய்.

ஓட்டம் மூன்றாம் கியரில் மட்டும், முழு ஆக்சிலரேட்டர், கியர் மாற்றாமல். சமதளத்தில் செய்யுங்கள், மலையில் வேண்டாம். ரயிலுக்கே பின்னால் இன்னோர் எஞ்சின் சேர்த்துத் தள்ளுகிற மலை இது. ஆனி, ஆடிக் காற்று கணவாய் வழியாக எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது ஒரு முறை, அதே இடத்தில் திரும்பி வரும்போது ஒரு முறை, இரண்டின் சராசரியை எடுங்கள். உங்கள் வண்டியில் ஒரு வசதியும் இருக்கிறது: ஸ்விட்சைத் தட்டினால் பெட்ரோல். இரண்டு எரிபொருளிலும் ஓட்டுங்கள். எடை மாறாது, எரிபொருள் மட்டும் மாறும்.

கிரீஸ்கை

தென்காசியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சாருடைய கணக்கில் ஒன்று விட்டுப்போனது. எடை, எஞ்சின் இரண்டையும் பார்க்கிறீர்கள், வண்டி உருளுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஆளில்லாத சமச் சாலையில் 45இல் போய் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது, அணைத்தால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். 40இலிருந்து 30க்கு வர எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். நான் பார்த்த நல்ல சின்ன கார்கள் பன்னிரண்டு, பதினான்கு விநாடி எடுக்கும். நிறுத்தியதும் இறங்கிப் போய் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சூடு தெரியும்.

கோட்டைவாசல்42

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சீட்டு: முன்பக்கம் 530, மொத்தம் 920. ஆர்.சி.யில் 830. பெட்ரோல் பாதித் தொட்டி, ஜாக்கி, கிட் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு கிலோதான் வித்தியாசம். எண்பது கிலோ விஷயத்தில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

மைத்துனன் வீடியோ எடுத்தான். இடம், வயல்களுக்கு நடுவே நேராகப் போகிற துண்டு. 40லிருந்து 70க்கு: பெட்ரோலில் 12.3 விநாடி, கேஸில் 14.5. போவது வருவது சராசரி.

நியூட்ரலில் 40லிருந்து 30க்கு எட்டு விநாடி. மூன்று முறை பார்த்தேன், எட்டுதான். பின்பக்க இடது சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன், தோசைக்கல் பக்கம் போன மாதிரி. மற்ற மூன்றும் சாதாரணம்.

ஓய்வுபெற்ற இயற்பியல்

கிரீஸ்கை தம்பிக்குப் பாதி மதிப்பெண் அல்ல, முழு மதிப்பெண். எட்டு விநாடிக்கும் பதினான்குக்கும் உள்ள இடைவெளியை விசையாக்கினால், ஏறத்தாழ பதினைந்து கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு, சூடேறிய அந்தச் சக்கரத்தில் விடாமல் பிடித்திருக்கும் பிரேக் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறது. எண்பது கிலோ கூடுதல் எடை, இருபதுக்கு ஒன்று ஏற்றத்தில் கேட்பது நான்கு கிலோ இழுவைதான்.

கேஸுக்கும் பெட்ரோலுக்கும் இடையிலான வித்தியாசம் இயல்பானது. சி.என்.ஜி.யில் பெரும்பகுதி மீத்தேன் வாயு. சரியாக எரியும் கலவையில் கனஅளவில் 9.5 விழுக்காடு அந்த மீத்தேனே இருக்கும். அந்த அளவு காற்றுக்கு எஞ்சின் சிலிண்டரில் இடமில்லாமல் போகிறது. ஆகவே பத்து விழுக்காட்டை ஒட்டித் திறன் குறையத்தான் செய்யும். அதை எந்தக் கடைக்காரரும் சரிசெய்ய முடியாது.

கிரீஸ்கை

பின்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றச் சொல்லாதீர்கள், முதலில் டிக்கிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் தாங்கியின் போல்ட் தரையைத் துளைத்து வரும் இடத்தில் கைபிரேக் கேபிள் எப்படிப் போகிறது?

கோட்டைவாசல்42

படுத்துப் பார்த்தேன். தாங்கியின் கீழ்த்தகடு இடப்பக்க கேபிளின் உறையை அழுத்தி, நெளித்து வைத்திருக்கிறது. கைபிரேக்கை விட்டாலும் அந்தப் பக்கம் முழுதாகத் திரும்பவில்லை. கிட் போட்ட கடைக்காரரிடம் வீடியோவையும் சீட்டையும் காட்டினேன். முதலில் "அப்படி இருக்காதே" என்றார், பிறகு அவரே லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தகட்டை வெட்டி நகர்த்தினார். புது கேபிளுக்கும் பிரேக் லைனிங்குக்கும் காசு வாங்கவில்லை.

இன்று காலை அதே இடம், அதே மைத்துனன். நியூட்ரலில் பதினான்கு விநாடி. பெட்ரோலில் 10, கேஸில் 11.3. மாலையில் கேஸிலேயே புளியரை ஏறினேன். எஸ் வளைவில் மூன்றாம் கியர் தாங்கியது, கடைசித் திருப்பத்தில் மட்டும் இரண்டுக்கு வந்தேன். கோட்டைவாசல் கருப்பசாமிக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

வேகப்பிரியன்

அப்படியானால் ஜி.பி.எஸ். கருவி வாங்கவே இல்லையா?

கோட்டைவாசல்42

இல்லை. எடை மேடைக்கு நூறு ரூபாய் ஆனது. மாமியாருக்குத் தராசு வாங்கினேன், 180 கிலோ வரை தாங்குமாம்.

எடைமேடை புளியரை

அதன் மேலும் ஏற்றிவிடாதீர்கள், அண்ணாச்சி. அந்த இரண்டு சீட்டையும் ஆர்.சி.யோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை உண்டு. அதைக் கழற்றி மாட்டும்போது கேபிளை மறுபடியும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.