தட்டோடு வேரைத் தடுக்குமா?

மாடிவாசி:
க்ரோபேக் வைத்ததெல்லாம் பசுமைக் கூரை ஆகாது என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. எங்கள் மொட்டை மாடியில் 60 பைகள். கத்தரி, வெண்டை, பந்தலில் பாகல். கீழே படுக்கையறையில் சித்திரை வெயிலே தெரிவதில்லை. இது பசுமைக் கூரை இல்லையென்றால் வேறு எது? ஆடியில் பைகளை எடுத்துவிட்டு நேராக மண்ணே கொட்டப் போகிறேன். அடியில் தட்டோடு (தளத்தின் மேல் பதிக்கும் தட்டையான சுட்ட மண் ஓடு) இருக்கிறது, வேர் தளத்துக்குள் இறங்காமல் தடுக்கும் வேர்த்தடுப்பு அதுவே.

மட்டக்கோல்:
தட்டோடு வேர்த்தடுப்பு இல்லை. அது வெயில் தாங்கவும் மழைத்தண்ணீர் வழிந்தோடவும் பதிப்பது. அடியில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு). இரண்டு ஓட்டுக்கு நடுவே இருப்பது வெறும் சாந்து. வேர் அதன் வழியாகத்தான் இறங்கும்.

சாரல்:
பெயர்களைச் சரியாக வைத்துக்கொண்டால் சண்டை பாதி குறையும். பொதுவாகப் பசுமைக் கூரையில் 15 செ.மீ. வரை மண் இருந்தால் மெல்லடுக்கு, அதற்கு மேல் கன அடுக்கு. தொட்டியிலும் பையிலும் வளர்ப்பது மாடித்தோட்டம். பசுமைக் கூரையில் நீர்த்தடுப்பு, வேர்த்தடுப்பு, வடிகால், வடிதுணி (மண்ணை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் துணி), மண் எல்லாம் தளத்தோடு சேர்ந்தவை.

மாடிவாசி:
பெயர் இருக்கட்டும். எங்கள் தட்டோடு 1988-இல் பதித்தது. ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

மட்டக்கோல்:
ஒழுகாதது வேறு, வேர் இறங்காதது வேறு. என் வீட்டில் கைப்பிடிச்சுவர் ஓரம் ஓர் அரசங்கன்று முளைத்தது. இரண்டு இலைதான். பிடுங்கினேன், கையோடு அறுந்து வந்தது. ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தால், நூல் போல உள்ளே போன வேர் ஜல்லிக்குள் சுண்டுவிரல் தடிமனுக்குப் பரவியிருந்தது. ஓடு உடையவே இல்லை. மேலே நின்று பார்த்திருந்தால் நானும் "ஒரு சொட்டு ஒழுகியதில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன்.

செட்டிநாட்டுக்காரன்:
அது சிமெண்டுச் சாந்து வேலை. எங்கள் பாட்டையா கட்டிய வீட்டில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு இடித்த சுண்ணாம்பு. அதில் எந்த வேரும் போகாது.

மட்டக்கோல்:
சுண்ணாம்பிலும் போகும். ஊரிலுள்ள பழைய கோபுரங்களை அண்ணாந்து பாருங்கள். அங்கே முளைத்திருப்பதெல்லாம் சிமெண்டிலா?

செட்டிநாட்டுக்காரன்:
கோபுரத்தை இதற்குள் இழுக்க வேண்டாம். போன மாதம் தேக்கு நிலைக்கதவு பற்றிப் பேசும்போதும் இப்படித்தான், எங்கள் ஊர் வேலையை மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

சொல்லாய்வு:
ஒரு திருத்தம். சாய்வாக இருப்பதுதான் கூரை. கான்கிரீட்டில் தட்டையாகப் போட்டது தளம். "பசுமைத் தளம்" என்று எழுதுங்கள்.

மாடிவாசி:
தளம் என்றால் இணையதளம் என்று நினைத்துக்கொள்வார்கள். விடுங்கள் ஐயா.

சொல்லாய்வு:
தமிழில் பேசும் இடத்தில் சொல்லைத்தான் முதலில் விடச் சொல்கிறீர்கள்.

சாரல்:
மண் எடையைக் கணக்குப் பார்த்தீர்களா? 15 செ.மீ. ஈர மண் சதுர மீட்டருக்கு 270 கிலோ வரும். ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரவிதி சொல்லும் சுமையே சுமார் 150 கிலோதான்.

மாடிவாசி:
நான் தேங்காய்நார்க் கழிவு கலப்பேன். அதுவும் போக, தட்டோடு கனத்தையும் தாங்கும்.

மட்டக்கோல்:
தட்டோடு கனத்தைத் தாங்குவதில்லை, அதுவே ஒரு கனம். தாங்குவது அடியிலிருக்கும் கம்பியும் கான்கிரீட்டும். இனி வேருக்கு வருகிறேன். ஜெர்மனியில் பசுமைக் கூரைக்கு விதி வகுக்கும் எஃப்.எல்.எல். அமைப்பின் விதிப்படி, ஒரு நீர்த்தடுப்பு விரிப்பை வேர் துளைக்குமா என்று பார்க்க அதன்மேல் இரண்டு வருடம் செடி வளர்த்துப் பிரித்துப் பார்க்கிறார்கள். தார் விரிப்பையே துளைத்துவிடும் என்பதால்தான் இவ்வளவு பாடு. நீங்கள் சாந்தை நம்பச் சொல்கிறீர்கள்.

செட்டிநாட்டுக்காரன்:
ஜெர்மனியில் தட்டோடே கிடையாது. அவர்களுக்கு என்ன தெரியும்?

மட்டக்கோல்:
வேர் எல்லா ஊரிலும் வேர்தான். பைகளை நகர்த்தி, தண்ணீர் போகும் குழாய் வாயருகே உள்ள ஓட்டுச் சந்துகளைப் பாருங்கள். பார்த்துவிட்டுப் படம் போடுங்கள்.

மாடிவாசி:
என் மாடியை உங்களுக்கு எதற்குக் காட்ட வேண்டும்? ஆடிப்பெருக்கன்று மண் ஏறுகிறது.

மட்டக்கோல்:
ஏற்றுங்கள். தட்டோடு வேர்த்தடுப்பு இல்லை.

சொல்லாய்வு:
"வேர்த்தடுப்பு" அல்ல, "வேர்த்தடை".